துண்டும் கடவுச்சொல்லும்
கணனி, இணையச் சொற்கள் பற்றி ஒரு பாடம்

நம் பாட்டன், பூட்டன் காலத்துத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் உள்ள கடன் தொகையைக் குறித்து, அதைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கையொப்பமிடுவார். காகிதம் கங்காணியின் கையில் இருக்கும். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடனோ தொழிலாளியின் தலையிலேயே ஏறி அடுத்த தோட்டத்துக்கும் கூடவே போகும். எழுதியவர் ஒருவர், வைத்திருந்தவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். சுமந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டில் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையைத் தடை செய்தார்கள்.

கணனி பற்றிய பாடத்தில் துண்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று இன்றைக்கு நிவாரணத்துக்கோ, பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கோ, வங்கிக் கடனுக்கோ போகும்போது, “மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா? ஓ.டி.பி. வந்ததா? ஸ்கேன் பண்ணி அனுப்பினீர்களா?” என்று கேட்கிறார்கள். சொல் விளங்காதவர் நேரே கொமினிகேஷன் கடைக்குப் போகிறார். கடைக்காரத் தம்பி நல்ல மனதோடு தன்னுடைய போன் இலக்கத்தைப் போட்டு, தனக்கு ஞாபகம் இருக்கிற ஒரு கடவுச்சொல்லைப் போட்டு வேலையை முடித்துக் கொடுக்கிறார். ஆறு மாதம் கழித்து அந்தத் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால், அந்தக் குடும்பத்தின் கணக்கைத் திறக்க ஆள் இல்லை. காகிதம் மறுபடியும் இன்னொருவர் கையில்!

ஆகவே இந்தப் பாடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வதோடு நாம் நிற்கப் போவதில்லை. எழுதியிருப்பது எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் கையில், அதை மாற்றக்கூடியவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்போம்.

கணனியும் செக்ரோலும்

‘கணனி’ என்று நம் நாட்டில் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ‘கணினி’ என்று எழுதுவார்கள். இரண்டும் கம்ப்யூட்டர்தான். கையில் இருக்கும் ஸ்மார்ட் போனும் கணனியே. கொடுத்த விவரத்தை வாங்கிக்கொள்வது, வைத்துக்கொள்வது, சொன்ன கணக்கைச் செய்து திருப்பிக் காட்டுவது, இவ்வளவுதான் அதன் வேலை. தானாக ஒன்றையும் அறியாது.

செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயர், மேலே திகதி, கட்டத்துக்குள் பேர் அல்லது அரைப்பேர், கடைசியில் கூட்டுத்தொகை. கணனியில் இப்படிக் கட்டம் போட்டுக் கணக்கு எழுதும் தாளுக்கு ‘விரிதாள்’ என்று பெயர். ‘எக்செல்’ என்று பையன்கள் சொல்வது அதில் ஒரு வகை. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் எல்லாம் தாமே மாறிவிடும். மரக்கறிச் சங்கம் ஒன்று பத்துக் குடும்பங்களின் லீக்ஸ், கரட் கணக்கை வைத்திருக்க இதைவிட நல்ல கொப்பி கிடையாது. ஆனால் பிழையான எண்ணைப் போட்டால், பிழையான விடையை மிக அழகாக அச்சடித்துக் கொடுக்கும். “கணனியில் அப்படித்தான் வந்திருக்கிறது” என்று யாராவது சொன்னால், அது விடையாகாது. கணனியில் போட்டவர் யார், எதைப் பார்த்துப் போட்டார் என்று மரியாதையாகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது ‘தரவுத்தளம்’ என்ற சொல். தரவு என்றால் விவரம். ஆயிரக்கணக்கானவர்களின் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கி, கேட்டவுடன் எடுத்துத் தரும் பெரிய பேரேடு அது. மலையகத்தில் இங்கே ஒரு தொல்லை உண்டு. பிறப்புப் பதிவில் ‘லெட்சுமி’, பாடசாலையில் ‘லட்சுமி’, அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் வேறொரு மாதிரி என்று ஒருவருக்கே மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். கிராம உத்தியோகத்தருக்கு மூன்றும் ஒரே ஆள் என்று தெரியும். கணனிக்குத் தெரியாது. அது எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும்; ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். ஆகவே எந்தப் படிவத்திலும் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரைப் போடச் செய்யுங்கள். பதிவு செய்பவர் ‘எண்டர்’ பொத்தானை அழுத்துமுன் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழில் வந்த கடிதம் சில கணனிகளில் வெறும் கிறுக்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு ‘பாமினி’ போன்ற எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துக்கு ஒரு தனி ஒழுங்கை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக ஒவ்வோர் எண் கொடுத்த ‘யூனிகோட்’ முறை இதைத் தீர்த்தது. இப்போது போனில் நாம் தட்டும் தமிழ் அந்த முறையில்தான் போகிறது.

இணையம்: கொத்மலை சொன்ன பாடம்

நோட்டன் பிரிட்ஜ்காரருக்கு இணையத்தை விளக்குவது எளிது. கெஹெல்கமு ஓயாவை நம் ஊரில் மறித்து, அந்தத் தண்ணீரை மலைக்குள்ளால் லக்சபான மின்நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். 1950ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் பிறக்கிறது. அது தனியாக ஒரு வீட்டுக்கு என்று போவதில்லை. நாடெங்கும் பின்னிய கம்பிவலையில் கலக்கிறது. அந்த வலையில் எங்கே தொடுத்தாலும் விளக்கு எரியும். இணையமும் கணனிகளைப் பின்னிய வலைதான். ஆனால் மின்கம்பியில் சக்தி போகிறது, இதில் செய்தி போகிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. செய்தி முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதப்பட்டு, கிடைத்த வழியால் போய், சேருமிடத்தில் மறுபடி ஒன்றாகிறது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியால் போகும். அமெரிக்காவில் 1969இல் இந்த வலையின் முன்னோடியில் முதற்செய்தி அனுப்பினார்கள். ஐந்தெழுத்துச் சொல்லில் இரண்டெழுத்துப் போவதற்குள் கணனி விழுந்துவிட்டது! நமக்குக் கடவுச்சொல் பிழைத்தால் மனம் உடைய வேண்டியதில்லை.

இலங்கையில் பொதுமக்கள் காசு கொடுத்து இணையத் தொடர்பு பெறும் வசதி 1995இல் வந்தது. வந்தது கொழும்புக்கு. மலைநாட்டுக் கிராமத்துக்கு அது வந்த கதை நம் மாவட்டத்திலேயே, இடம்பெயர்ந்தவர்களை முன்னிட்டே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிறைவு பெற்றது. சுமார் மூவாயிரம் குடும்பங்களின் வீடும் வயலும் தண்ணீருக்குள் போயின. அப்படி இடம் மாறியவர்களையும் அயற்கிராமங்களையும் முன்னிட்டு 1989இல் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. பத்து வருடம் கழித்து, 1999 அளவில், யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்பைக் கொடுத்தார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையங்களை அமைத்தார்கள்.

நடந்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வீட்டுக்கும் கணனி கொடுக்கக் காசு இல்லை. கொடுத்திருந்தாலும் அன்றைய இணையம் பெரும்பாலும் ஆங்கிலம். ஆகவே வானொலியில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். நேயர்கள் தங்கள் சந்தேகத்தைத் தபாலில் எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடுவார். விடயம் தெரிந்த ஒருவர், உதாரணமாக ஒரு மருத்துவர், பக்கத்தில் இருந்து கண்டெடுத்ததை மக்கள் பேசும் மொழியில் விளக்குவார். கணனியைத் தொடாதவர்களும் இப்படி இணையத்தைப் பயன்படுத்தினார்கள்.

இங்கே மூன்று சொற்கள் வந்துவிட்டன. இணையத்தில் ஒருவர் தம் செய்தியை வைத்திருக்கும் இடம் ‘இணையத்தளம்’. அதைத் திறந்து காட்டும் கருவி ‘உலாவி’. சொல்லைக் கொடுத்தால் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது ‘தேடுபொறி’. கூகுள் ஒரு தேடுபொறி. அதுவே பதிலை அறிந்த பெரியவர் அல்ல. பிறர் எழுதியதை எடுத்துக் காட்டும் பியோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் உரம் விற்கும் கம்பனியாக இருந்தால், அந்த உரமே நல்லது என்றுதான் இருக்கும். கொத்மலையில் அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் விடயம் தெரிந்தவர் இருந்தது இதனால்தான். உங்கள் கரட் இலை மஞ்சளாகிறதென்றால் போனில் தேடுங்கள், தவறில்லை. அதோடு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் ஓர் அழைப்பு எடுங்கள். எந்த அரசாங்க வேலைக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று கேட்பதற்கு 1919.

டேட்டா என்கிற அளவு

கொழுந்தைக் கிலோவில் நிறுப்பதுபோல் தரவை ‘பைட்’ கணக்கில் அளக்கிறார்கள். சுமார் ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட் (எம்.பி.), ஆயிரம் மெகாபைட் ஒரு ஜிகாபைட் (ஜி.பி.). வெறும் எழுத்தாலான ஒரு பக்கக் கடிதம் சில கிலோபைட்தான். போனில் பிடித்த படம் மூன்று எம்.பி. வரை வரலாம். வீடியோ நிமிடக்கணக்கில் தின்னும்.

அன்று கொத்மலைக்குக் கொடுத்த இணைப்பு விநாடிக்கு 64 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதாவது விநாடிக்கு எட்டு கிலோபைட். இன்றைய ஒரு போன் படத்தை இறக்க அங்கே ஆறு நிமிடத்துக்கு மேல் பிடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நாள்தோறும் நிகழ்ச்சி செய்தார்கள். பிள்ளைகள் ரீலோட் போட்ட மறுநாளே டேட்டா முடிந்தது என்றால், முடித்தது படிப்பா வீடியோவா என்று போனின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்கலாம். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று அங்கே எழுதியிருக்கும்.

‘ஆப்’ அல்லது ‘செயலி’ என்பது ஒரு குறித்த வேலைக்கென்று போனில் இறக்கும் நிரல். இறக்கும்போது, “உங்கள் தொடர்பு இலக்கங்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா” என்று அனுமதி கேட்கும். வரைபடச் செயலி நீங்கள் நிற்கும் இடத்தைக் கேட்பது நியாயம். கடன் தருவதாகச் சொல்லும் செயலி உங்கள் உறவினர் அத்தனை பேருடைய இலக்கத்தையும் கேட்பது எதற்கு? தவணை தவறினால் அவர்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்துவதற்கு. அப்படிக் கேட்கும் செயலியை வைத்திருக்க வேண்டாம்.

காகிதங்களைக் காப்பது

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதுவே முதற்பாடமாக இருக்கத்தக்கது. மண்சரிவோ வெள்ளமோ வரும் இரவில் பிள்ளையைத் தூக்குவோமா, றங்குப் பெட்டியைத் தூக்குவோமா? காகிதம் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏற வேண்டியிருக்கிறது.

காகிதத்தைப் படம்போல் பிரதி எடுத்துக் கணனிக்குள் வைப்பது ‘ஸ்கேன்’. அப்படி வைத்த ஒன்று ‘கோப்பு’. கோப்புகளைப் போட்டு வைக்கும் உறை ‘கோப்புறை’. பக்கம் குலையாமல் அச்சடிக்கக்கூடிய கோப்பு வகைக்கு ‘பி.டி.எஃப்.’ என்பார்கள். போனில் மட்டும் வைத்தால் போனும் சேற்றுக்குள் போகலாம். ஆகவே ‘முகில்’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘கிளவுட்’ என்பது அதுதான். பேர்தான் முகில்; உண்மையில் வேறொரு நாட்டில், பெரிய கட்டடத்துக்குள், ஒரு கம்பனிக்குச் சொந்தமான கணனிகளில் உங்கள் கோப்பு இருக்கிறது. புதிய போன் வாங்கி, உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் போட்டால் கோப்பு திரும்பி வரும். மிக எளிய வழி: பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், காணிப் பத்திரம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கே நீங்களே அனுப்பி வையுங்கள். நம்பிக்கையான பிள்ளை ஒருவருக்கும் ஒரு பிரதி.

படம் இருந்தால் பதிவு இலக்கமும் திகதியும் தெரியும். புதிய பிரதிக்கு விண்ணப்பிப்பது பாதி முடிந்த மாதிரி. ஆனால் படம் மூலப்பத்திரம் ஆகாது. முக்கியமாகக் காணி விடயத்தில். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம், கணனி வழியாகச் செய்யும் உடன்பாடுகளையும் மின்னணுக் கையொப்பத்தையும் நம் நாட்டில் ஏற்றுக்கொண்டது. ஆகவே ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவது விளையாட்டல்ல, ஒப்பமிட்டதாகக் கொள்ளப்படலாம். ஆனால் அதே சட்டம் காணி விற்பனை, மரணசாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கிறது. போனில் எதையோ அழுத்த வைத்து, “காணி எனக்கு எழுதியாகிவிட்டது” என்று எவரும் வந்து நின்றால் பயப்படாதீர்கள். உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.

சாவி யார் கையில்

‘மின்னஞ்சல்’ என்பது இணையத்துத் தபால்பெட்டி. லயம் மாறினாலும், முகாம் மாறினாலும், மாவட்டமே மாறினாலும் முகவரி மாறாது. இடம்பெயர்ந்தவருக்கு இதைவிட நிலையான விலாசம் கிடையாது. செலவும் இல்லை.

அந்தப் பெட்டியின் சாவி ‘கடவுச்சொல்’. பிறந்த வருடத்தையும் பிள்ளையின் பேரையும் போடாதீர்கள். ஊரே அறிந்தது சாவியாகுமா? தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் ஞாபகம் வைப்பதும் எளிது, ஊகிப்பது கடினம். கொப்பியில் எழுதினால் அந்தக் கொப்பி வீட்டுக்குள் இருக்கட்டும். போனோடு சேர்த்துக் கொண்டு திரிய வேண்டாம்.

‘ஓ.டி.பி.’ என்பது ஒரே தடவைக்கு மட்டும் செல்லும் சாவி. வங்கியோ வேறு நிறுவனமோ, கேட்பவர் உண்மையில் நீங்கள்தானா என்று உறுதி செய்ய, உங்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ். வழியாகச் சில இலக்கங்களை அனுப்பும். சில நிமிடங்களில் காலாவதியாகும். அந்த இலக்கத்தைச் சொன்னவர் ஒப்பமிட்டவர். “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, நிவாரணக் காசு வந்திருக்கிறது, இப்போது வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று எவர் அழைத்தாலும், எவ்வளவு நல்ல தமிழில் பேசினாலும், சொல்லக்கூடாது. வங்கி ஊழியர் உங்களை அழைத்து அதைக் கேட்பதில்லை. கூச்சப்படாமல் போனை வைத்துவிட்டு, வங்கிக்கு நேரே போய்க் கேளுங்கள்.

‘கியூ.ஆர்.’ என்ற கறுப்பு வெள்ளைச் சதுரத்தை 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஆட்டோக்காரர் முதல் எல்லாரும் கையில் வைத்திருந்தார்கள். அது கெமரா வாசிக்கும் எழுத்து, வேறொன்றுமில்லை. அதில் ஒரு இலக்கமோ இணையத்தள முகவரியோ எழுதியிருக்கும். கடையில் ஒட்டியிருக்கும் ‘லங்கா கியூ.ஆர்.’ சதுரம் கடைக்காரரின் கணக்கைச் சொல்கிறது. வாங்குபவர் அதைப் படம் காட்டிப் பணம் அனுப்புகிறார். காசு வாங்குபவர் எதையும் ஸ்கேன் பண்ணவோ, இரகசிய இலக்கம் போடவோ தேவையில்லை. “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் பண்ணுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அவர் கொடுக்க வரவில்லை, எடுக்க வருகிறார்.

வியாபாரச் சொற்கள் சில

2012இல் டயலொக் நிறுவனம் ‘ஈஸி கேஷ்’ என்று போனுக்குள் பணம் வைத்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்டதற்குப் பொதுப்பெயர் ‘கைப்பேசிப் பணப்பை’. கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பும் காசை ஹட்டன் வரை பஸ் ஏறாமல் பெறலாம். கழிக்கும் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஒன்லைன்’ வியாபாரம் என்றால் இணையம் வழியாக விற்பதும் வாங்குவதும். ‘இன்வொயிஸ்’ என்பது விற்பவர் கொடுக்கும் விலைப்பட்டியல்; ‘ரிசீட்’ காசு கைக்கு வந்ததற்கான பற்றுச்சீட்டு. இரண்டும் ஒன்றல்ல. காசு வராமல் ரிசீட் கொடுக்காதீர்கள். ‘காசு போட்டாயிற்று’ என்று வாட்ஸ்அப்பில் வரும் படம் காசு அல்ல. உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பின்பே லொறியில் ஏற்றுங்கள்.

விலைச் செய்தி பற்றி ஒன்று. தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் 2003இல் ‘கொவி ஞான சேவய’ என்ற முயற்சி தொடங்கியது. கடை கடையாகப் போய் மொத்த விலையைக் கேட்டு, கணனியில் சேர்த்து, எல்லாரும் பார்க்கும் பலகையில் காட்டினார்கள். 2009இல் அதே விலைகளைப் போனுக்கே அனுப்பும் சேவையும் வந்தது. அதுவரை விலை அறிந்தவர் வாங்குபவர் மட்டுமே. விலை தெரிந்தால் மாத்திரம் லொறி வந்துவிடாது, குளிர்சாதன அறையும் வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் தரகரிடம், “நேற்று மொத்த விலை இவ்வளவு” என்று சொல்ல முடிகிறவரும் முடியாதவரும் ஒரே விலை வாங்குவதில்லை.

கூட்டத்தில் செய்து பார்க்க

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் போனையும் அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள். படித்த பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஆனால் போனைத் தட்டுவது தாயாகவோ தகப்பனாகவோ இருக்கட்டும். முதலில் உங்கள் குடும்பத்துக்கு மின்னஞ்சல் முகவரி உண்டா, அதைத் திறந்து கொடுத்தவர் யார், மீட்பதற்கென்று கொடுத்த போன் இலக்கம் யாருடையது என்று பாருங்கள். பிறர் இலக்கம் இருந்தால் அவரையும் வைத்துக்கொண்டே, சண்டையில்லாமல், உங்களுடையதாக மாற்றிக் கடவுச்சொல்லையும் புதிதாக்குங்கள். பிறகு காகிதங்களைப் படம் பிடித்து உங்களுக்கே அனுப்புங்கள். கடைசியாக உங்கள் சிம் அட்டை யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். ஓ.டி.பி. வருவது அந்தச் சிம்முக்கே. கணவர் வெளிநாட்டில், சிம் அவர் பேரில்; அல்லது எப்போதோ கடைக்காரர் தம் அட்டையைக் காட்டி எடுத்துக் கொடுத்தது என்றால், அடையாள அட்டையோடு அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள். பதிவில் உள்ளவரும் கூட வரவேண்டியிருக்கலாம். ஆகையால் அவர் ஊரில் இருக்கும்போதே போய்வந்துவிடுங்கள்.